டாஷ்போர்டில் ஐந்து பொத்தான்கள்

நான் ஓட்டிப் பழகிய முதல் காரில் கியர் கம்பி கிடையாது. ஸ்டியரிங்குக்கு இடது பக்கம், டாஷ்போர்டின் ஓரத்தில் ஐந்து பொத்தான்கள் இருக்கும். ஆர், என், டி, 2, 1. ஆர் பின்னால் போக, என் நியூட்ரல், டி முன்னால் போக, 2-ம் 1-ம் கீழ் கியர்கள். பக்கத்தில் பார்க்குக்கென்று, அதாவது நிறுத்திய வண்டி உருளாமல் பூட்டி வைக்க, ஒரு சின்ன நெம்புகோல். கிளட்ச் இல்லை, கம்பி இல்லை. வலது கை எப்போதும் ஸ்டியரிங்கில்தான் இருக்கும். இடது கைக்கு மட்டும் வேலை.

1972-ல் திருச்சியிலிருந்து டெட்ராய்ட் வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு எம்.எஸ். படிக்க வந்தேன். அடுத்த ஆண்டு, எங்களுக்கு மூத்த மாணவராக இருந்த கோயம்புத்தூர் அண்ணன் ஒருவர் கலிபோர்னியாவில் வேலை கிடைத்துக் கிளம்பினார். தன்னுடைய 1964 பிளிமத் வேலியண்ட்டை 275 டாலருக்கு எனக்குக் கொடுத்தார். அதையும் மூன்று தவணையாக வாங்கிக்கொண்டார். வெளிறிய நீலம். ஓட்டுநர் பக்கக் கதவின் அடியில் துரு. பேனட்டைத் திறந்தால் ஆறு சிலிண்டர் என்ஜின் 30 டிகிரி ஒரு பக்கம் சாய்ந்து படுத்திருக்கும். அதற்கு ‘சாய்ந்த ஆறு’ என்றே பெயர். அந்த என்ஜினைப் பற்றி டெட்ராய்ட்டில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: எண்ணெய் மட்டும் பார்த்துக்கொள், மற்றதை அது பார்த்துக்கொள்ளும்.

எனக்குக் கார் என்றால் அதுவரை மாமாவின் அம்பாசடர்தான். பின் சீட்டில் உட்கார்ந்து, டிரைவர் ஸ்டியரிங் தண்டிலிருந்து நீண்டிருக்கும் கியர் கம்பியை மேலும் கீழும் தள்ளுவதைப் பார்த்திருக்கிறேன். ஓட்டத் தெரியாது. அண்ணன் கிளம்புவதற்கு முன் இரண்டு ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பெல் ஐல் தீவுக்குக் கூட்டிப்போனார். டெட்ராய்ட் ஆற்றின் நடுவில் இருக்கும் பூங்கா. சமதளமான சாலை, காலையில் கூட்டம் இருக்காது.

பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “தம்பி, மூணே விஷயம். முதல்ல கால் பிரேக்ல இருக்கணும். ரெண்டாவது, பொத்தானை முழுசா அமுக்கணும், அரைகுறையா தொடக் கூடாது. மூணாவது, வண்டி லேசா ஒரு இழுப்பு இழுக்கும். அதை உடம்புல வாங்கிக்க. அந்த இழுப்பு வராம பிரேக்லேர்ந்து காலை எடுக்காத.”

அந்த மூன்றாவது விஷயத்தைத்தான் இந்த ஐம்பது ஆண்டுகளாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். டி அழுத்தினால் ஒரு நொடிக்குள் வண்டியின் முன்பக்கம் சற்றே எழும்பும். முதுகு சீட்டில் இலேசாகப் பதியும். ஆர் அழுத்தினால் அதற்கு நேர் எதிர். கண்ணை மூடிக்கொண்டே முன்னால் போகப்போகிறதா, பின்னால் போகப்போகிறதா என்று சொல்லிவிடலாம். அன்றைக்கு அண்ணன் என்னைக் கண்ணை மூடச் சொல்லி, தானே கையை நீட்டிப் பொத்தானை அழுத்தி, “இது என்ன?” என்று கேட்டார். பிரேக்கில் என் கால். பத்துத் தடவை கேட்டிருப்பார். பத்தும் சரியாகச் சொன்ன பிறகுதான் சாவியைக் கொடுத்தார்.

அந்தப் பொத்தான்களைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றைய பொத்தான்களுக்கும் அவற்றுக்கும் பெயர்தான் ஒன்று. வேலியண்ட்டில் பொத்தான் என்பது ஒரு இயந்திர உறுப்பு. அழுத்தினால் கட்டைவிரலுக்கு நல்ல எதிர்ப்பு இருக்கும். கடைசியில் ‘டக்’ என்று உள்ளே போய் அங்கேயே நிற்கும். முன்பு உள்ளே இருந்தது அதே நொடியில் வெளியே குதிக்கும். பொத்தானுக்குப் பின்னால் ஒரு கேபிள். அது டாஷ்போர்டுக்குப் பின்னால் வளைந்து இறங்கி, கியர் பெட்டியின் வால்வைத் தள்ளும், இழுக்கும். மின்சாரம் எதுவும் இல்லை. இருட்டில் எழுத்து தெரிய ஒரு சின்ன பல்பு மட்டும் உண்டு. ஆனால் அந்த வெளிச்சம் எனக்குத் தேவைப்பட்டதே இல்லை. விரலை மேலிருந்து ஓட்டினால் எது பள்ளமாக இருக்கிறதோ அதுதான் இப்போது இருக்கும் கியர்.

என் மனைவி 1976-ல் வந்தாள். ஊரில் ஆர்மோனியம் வாசித்துப் பழகிய கை. வண்டியைப் பார்த்ததும், “ஏங்க, டேப் ரெக்கார்டர்ல ஒண்ணை அமுக்கினா இன்னொண்ணு வெளிய வருமே, அதேதானே இது?” என்றாள். அதேதான். நான் இரண்டு ஞாயிறு எடுத்துக்கொண்டதை அவள் ஒரே மதியத்தில் கற்றுக்கொண்டாள். கட்டை எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் தேடுவது அவள் விரலுக்குப் புதிதல்ல.

இந்தப் பொத்தான் முறை, பிளிமத்தைத் தயாரித்த கிரைஸ்லர் நிறுவனத்தின் அடையாளமாகவே ஒரு காலத்தில் இருந்தது. 1956 மாடலில் இரண்டு வேக பவர்ஃபிளைட் கியர் பெட்டியோடு தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு மூன்று வேக டார்க்ஃபிளைட் எல்லா வரிசைகளுக்கும் வந்தது. பிளிமத், டாட்ஜ், டீசோட்டோ, கிரைஸ்லர், இம்பீரியல் எல்லாவற்றிலும் இடது கைப் பக்கம் பொத்தான். ராக்கெட்டும் விண்வெளியுமாக அமெரிக்கா பேசிக்கொண்டிருந்த காலம், பொத்தான் என்றாலே எதிர்காலம். ஆரம்பத்தில் சில ஆண்டுகள் அந்தப் பொத்தான் வண்டிகளில் பார்க் என்பதே கிடையாது. நிறுத்தினால் ஹேண்ட்பிரேக் ஒன்றே துணை. எனக்கு வாய்த்தது கடைசி ஆண்டு வண்டி. 1965 மாடலில் கிரைஸ்லர் கம்பிக்குத் திரும்பிவிட்டது. கல்லூரியில் நான் அந்த வண்டியை நிறுத்தும்போதே சில பேராசிரியர்கள் ஜன்னலில் எட்டிப் பார்த்து, “இன்னும் இது ஓடுகிறதா?” என்று கேட்பார்கள். அவர்கள் குரலில் ஒரு பிரியம் இருக்கும்.

பொத்தானின் உண்மையான அருமை எனக்குப் பனியில்தான் தெரிந்தது.

1978 ஜனவரி கடைசியில் மிச்சிகன், ஓஹையோ பக்கமெல்லாம் அடித்த பெரும் பனிப்புயலை அந்தத் தலைமுறை ஆட்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். புயல் ஓய்ந்து சாலையைத் திறந்தார்கள். ஆனால் பனி வாரும் வண்டி தள்ளிய பனியெல்லாம் எங்கள் வீட்டு வாசலில் இடுப்புயரத்துக்குக் குவிந்துவிட்டது. மண்வெட்டியால் இரண்டு மணி நேரம் வெட்டி வழி பண்ணினேன். வண்டியை எடுத்தால் பின் சக்கரம் அப்படியே சுற்றுகிறது, நகரவில்லை. அப்போது செய்ய வேண்டியது வண்டியை ஊஞ்சல் மாதிரி ஆட்டுவது. டி அழுத்தினால் நாலு விரற்கடை முன்னால் போகும். அது நின்று பின்னால் சாயத் தொடங்கும் அந்த நொடியில் ஆர். பின்னால் ஆறு விரற்கடை. மறுபடி டி. ஒவ்வொரு ஆட்டத்திலும் தூரம் கொஞ்சம் கூடும். கம்பி வண்டியில் இதைச் செய்தால் நியூட்ரலைத் தாண்டிக் கம்பியைத் தள்ளித் தள்ளித் தோள் வலிக்கும். பொத்தானில் ஒரு விரல் டி மீது, இன்னொரு விரல் ஆர் மீது. நாடித் துடிப்பு பார்ப்பது போல அந்தத் தாளம் கைக்கு வந்துவிடும். ஏழெட்டு ஆட்டத்தில் வண்டி வெளியே வந்துவிட்டது.

ஆனால் இதில் ஒரு கட்டுப்பாடு வேண்டும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கவே கூடாது, பாதம் அதன் மேல் வெறுமனே இருந்தால் போதும். சக்கரம் பின்னோக்கிச் சுற்றிக்கொண்டிருக்கும்போது முன் கியரைப் போட்டால் கியர் பெட்டிதான் அடி வாங்கும். பத்து முறை ஆட்டியும் வரவில்லையென்றால் நிறுத்திவிட வேண்டும், உள்ளே எண்ணெய் கொதித்துக்கொண்டிருக்கும். இறங்கி மண்வெட்டியை எடுப்பதுதான் சரி. இன்றைக்கும் டிசம்பர் முதல் மார்ச் வரை என் டிக்கியில் ஒரு மடக்கு மண்வெட்டியும் ஒரு பை மணலும் இருக்கும். சக்கரத்துக்கு முன்னால் இரண்டு கை மணல் போட்டால், பெரும்பாலும் ஆட்டவே வேண்டியிருக்காது.

பனியின் இன்னொரு கைங்கரியம் உப்பு. டெட்ராய்ட் சாலைகளில் குளிர்காலம் முழுக்க உப்புத் தூவுவார்கள். இரும்பில் அது பண்ணுகிற வேலையை ஊரில் கடற்கரையோரம் வீடு கட்டியவர்களிடம் கேட்டால் தெரியும். 1977-ல் ஒரு நாள் டி அழுத்தினால் இழுப்பு தாமதமாக வந்தது. ஒரு நொடி, இரண்டு நொடி, அப்புறம் ‘தொம்’ என்று. ஆர் பொத்தானோ முழுசாக உள்ளே போய் நிற்கவில்லை. கியர் பெட்டியே போய்விட்டது, 400 டாலர் ஆகும் என்றார் ஒரு பட்டறைக்காரர். வண்டியின் விலையைவிட அதிகம்.

எங்கள் மாடிக்குக் கீழ் வீட்டில் ஒரு போலந்துக்காரப் பெரியவர் இருந்தார். ஹேம்ட்ராம்க்கில் டாட்ஜ் தொழிற்சாலையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேலியண்ட்டுகள் அங்கே உற்பத்தி வரிசையில் வந்தபோது கூட இருந்தவர். அவர் வண்டியை ஓட்டிப் பார்க்கக்கூட இல்லை. பொத்தானை நாலு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, “பெட்டி நன்றாக இருக்கிறது, கேபிள்தான் துருப்பிடித்து எட்டாமல் போகிறது” என்றார். அட்டைப் பெட்டியைப் பிரித்துத் தரையில் போட்டு அதன் மேல் படுத்து அடியில் போனார். நான் என்ஜினை அணைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்தேன். என் வேலை ஆர் பொத்தானை உள்ளே அழுத்தி, விடாமல் பிடித்துக்கொள்வது. அடியில் கியர் பெட்டியின் பக்கத்தில், கேபிள் நுழையும் இடத்தில் ஒரு சக்கரம் இருக்கிறது, அதைச் சுற்றி ஓட்டைகள். கேபிளைக் கடைசி வரை உள்ளே தள்ளிப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைத் திருக வேண்டும். அது பெட்டியின் உடலைத் தொட்டதும் நிறுத்தி, அங்கிருந்து ஐந்தாவது ஓட்டை திருகாணித் துளைக்கு நேராக வரும் வரை எண்ணித் திருப்ப வேண்டும். “ஒன்று... இரண்டு...” என்று அவர் அடியிலிருந்து எண்ணுவது கேட்டது. ஐந்து என்றதும் திருகாணியை முடுக்கினார். என் கட்டைவிரல் மரத்துப்போயிருந்தது. கேபிளின் வாயில் எண்ணெய் விட்டு, உப்பு புகாமல் கிரீஸ் அப்பினார். செலவு ஒன்றுமில்லை. மனைவி செய்த சாம்பார் சாதத்தை மட்டும் ஒரு பாத்திரம் வாங்கிக்கொண்டார்.

பழைய பொத்தான் வண்டி வாங்கப் பார்க்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான். இழுப்பு தாமதமாக வந்தால் முதலில் எண்ணெய் மட்டத்தைப் பாருங்கள், அப்புறம் கேபிளைப் பாருங்கள், கடைசியாகத்தான் கியர் பெட்டியைச் சந்தேகப்படுங்கள். பொத்தான் இறுக்கமாக இருந்தால் பலம் போட்டு அழுத்த வேண்டாம். கேபிள் மடிந்துவிட்டால் அந்தக் காலத்துக் கேபிளைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக் கட்டாயம், சமதளமாக இருந்தாலும் சரி.

இன்னொன்றும் அந்த வண்டியில் முடிந்தது: தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம். ஆட்டோமேட்டிக் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாது என்றுதான் இன்று எல்லோரும் சொல்வார்கள், இன்றைய வண்டிக்கு அது சரி. ஆனால் 1965 வரை வந்த டார்க்ஃபிளைட் பெட்டியில் பின்பக்கம் இரண்டாவது எண்ணெய்ப் பம்பு ஒன்று உண்டு. சக்கரம் சுற்றினாலே அதுவும் சுற்றி அழுத்தம் கொடுக்கும். பேட்டரி செத்த காலைகளில் பெரியவர் தன் வண்டியின் பம்பரை என் வண்டியின் பம்பரில் ஒட்டவைத்து மெதுவாகத் தள்ளுவார். நான் நியூட்ரலில் போய்க்கொண்டே, கிட்டத்தட்ட 20 மைல் வேகம் வந்ததும் 2-ஐ அழுத்துவேன். ஒரு உதறல், என்ஜின் பற்றிக்கொள்ளும். 1966-ல் அந்தப் பம்பை எடுத்துவிட்டார்கள்.

1979-ல் வேலியண்ட்டின் அடித்தளம் துருவில் போனதும் கொடுத்துவிட்டோம். அதற்குப் பிறகு முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் கம்பி வண்டிகள்தான். எல்லா வண்டியிலும் ஒரே வரிசை: பி, ஆர், என், டி. இந்த ஒழுங்கு தானாக வந்ததல்ல. ஐம்பதுகளில் சில ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் ரிவர்ஸ் கடைசியில், லோ கியருக்குப் பக்கத்தில் இருந்தது. வேறு கம்பெனி வண்டியிலிருந்து இறங்கி அதில் ஏறியவர்கள் தடுமாறினார்கள். 1968 ஜனவரி முதல் அமெரிக்க மத்திய அரசின் 102-ஆம் எண் பாதுகாப்பு விதி வந்தது. கம்பியில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் நியூட்ரல் இருக்க வேண்டும், கியரில் இருக்கும்போது ஸ்டார்ட் ஆகக் கூடாது என்றெல்லாம் வரையறுத்தார்கள். நல்ல விதி. கை ஒரு வண்டியில் கற்றதை அடுத்த வண்டியில் மறக்க வேண்டியதில்லை என்பது சின்ன விஷயம் அல்ல.

டெட்ராய்ட்டில் ஒவ்வொரு ஆகஸ்ட்டிலும் உட்வர்ட் சாலையில் பழைய கார்கள் ஊர்வலம் போகும். 1995-லிருந்து நடக்கிறது. நானும் மனைவியும் மடக்கு நாற்காலி, தயிர் சாதம், ஊறுகாய் சகிதம் காலையிலேயே போய்விடுவோம். அங்கேதான் ஃபோர்டின் 1958 எட்ஸல் காரின் ‘டெலிடச்’ பொத்தான்களைக் கையால் தொட்டுப் பார்த்தேன். ஸ்டியரிங் சக்கரத்தின் நட்டநடுவில், எல்லா வண்டியிலும் ஹாரன் இருக்கும் இடத்தில், கியர் பொத்தான்கள்! சக்கரம் சுற்றினாலும் நடுப்பகுதி சுற்றாமல் நிற்கும், அழகான வேலைப்பாடு. ஆனால் அவசரத்தில் ஹாரன் அடிக்கப் போன கை கியரைத் தொட்டுவிடும். அதில் கேபிள் கிடையாது. பொத்தான் ஒரு மின்மோட்டாருக்குச் சொல்லும், மோட்டார் கியரை மாற்றும். மேட்டில் பார்க்கில் நிறுத்திவிட்டால், வண்டியின் எடை முழுக்க, கியர் பெட்டியைப் பூட்டும் பல்லின் மேல் உட்கார்ந்துவிடும், அதிலிருந்து விடுவிக்க மோட்டாருக்குத் தெம்பு போதாது. அதனால் முதலில் ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, எடையை அதன் மேல் இறக்கி, அப்புறம்தான் பார்க்கை அழுத்த வேண்டும் என்று வண்டியின் சொந்தக்காரர் எனக்குச் செய்தே காட்டினார். அடுத்த ஆண்டே எட்ஸல் அந்தப் பொத்தான்களைக் கைவிட்டுவிட்டது. ஆனால் அவர் காட்டிய வரிசை இன்றைய எல்லா ஆட்டோமேட்டிக் வண்டிக்கும் பொருந்தும். பிரேக்கை மிதித்து நிறுத்து, ஹேண்ட்பிரேக் போடு, காலைத் தளர்த்தி வண்டி அதன் மேல் நிற்கிறதா என்று பார், பிறகு பார்க். சரிவில் நிறுத்திவிட்டுத் திரும்ப எடுக்கும்போது ‘மடக்’ என்று ஒரு சத்தம் கேட்கிறதா? இந்த வரிசையைப் பின்பற்றினால் அது கேட்காது.

2018-ல் மகன் பிடிவாதமாக ஒரு எஸ்யூவி வாங்கிக் கொடுத்தான். உள்ளே ஏறி உட்கார்ந்து கியர் கம்பிக்குக் கையை நீட்டினால் வெறுமை. இரண்டு சீட்டுக்கும் நடுவில் பொத்தான்கள். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. மனைவியை அழைத்து, “பார், திரும்ப வந்துடுச்சு!” என்றேன். பழைய சிநேகிதனைப் பார்த்தது மாதிரி இருந்தது. அந்த நினைப்பில்தான் தவறினேன்.

முதல் வாரம். தெருவில் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தேன். முன்னால் போய், நின்று, பின்னால் எடுக்க வேண்டும். அந்த வண்டியில் ஆர் மட்டும் அழுத்துவதல்ல, விரலால் பின்னுக்கு இழுப்பது. இழுத்தேன். தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தேன். ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். வண்டி முன்னால் போய் எதிர்வீட்டுத் தபால் பெட்டியைச் சாய்த்துவிட்டது. நான் ஆர் இழுத்தபோது வண்டி முழுசாக நிற்கவில்லை, இன்னும் உருண்டுகொண்டிருந்தது. கணினி அந்த மாற்றத்தை ஏற்கவில்லை. ‘பீப்’ என்று சொல்லியும் இருக்கிறது, மீட்டரில் எழுத்தும் வந்திருக்கிறது. நான் பின்னால் அல்லவா பார்த்துக்கொண்டிருந்தேன்? அந்த நேரத்தில் தபால் பெட்டிக்குப் பதில் ஒரு குழந்தை நின்றிருந்தால் என்ற நினைப்பு பல இரவுகள் தூக்கத்தைக் கெடுத்தது.

உட்கார்ந்து யோசித்ததில் ஒன்று புரிந்தது. வேலியண்ட்டில் பொத்தான் என்பது உத்தரவு. கேபிள் இழுத்தாக வேண்டும். புதிய வண்டியில் அது விண்ணப்பம். கணினி பார்த்து, வேகம், பிரேக், கதவு எல்லாவற்றையும் சரிபார்த்துத்தான் முடிவு செய்கிறது. பல நேரம் அது நம் நன்மைக்கே. ஓடும்போது தவறுதலாக ஆர் தொட்டால் அது மறுத்துவிடுவது எவ்வளவு பெரிய பாதுகாப்பு! ஆனால் விண்ணப்பம் போட்டவன் பதிலைப் படிக்காமல் கிளம்பக் கூடாது. புதுப் பொத்தான் அழுத்திய பிறகு மேலே எழும்பிவிடுகிறது. விரலால் தடவினால் எல்லாம் ஒரே மட்டம். என்ன கியர் என்பதற்கு விளக்கு ஒன்றுதான் சாட்சி. இழுப்பும் இப்போது அவ்வளவாகத் தெரிவதில்லை, கியர் பெட்டிகள் அந்த அளவுக்கு வழவழப்பாகிவிட்டன.

பெரிய கம்பெனிகளும் இதில் சறுக்கியிருக்கின்றன. 2016-ல் ஃபியட் கிரைஸ்லர் உலகம் முழுக்க சுமார் 11 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அதில் இருந்தது பொத்தான் அல்ல, எந்தக் கியருக்குத் தள்ளினாலும் நடுவுக்கே திரும்பி வந்துவிடும் கம்பி. பார்க்கில் போட்டுவிட்டோம் என்று நம்பி இறங்கியவர்களின் வண்டி உருண்டது. பொத்தானுக்கும் கதை உண்டு. 2015 மாடல் லிங்கன் எம்.கே.சி.யில் கியர் பொத்தான்கள் திரைக்குப் பக்கத்தில் மேலிருந்து கீழாக வரிசையாக இருந்தன, கடைசியில் எஸ் (ஸ்போர்ட்) பொத்தானுக்கு அடியிலேயே என்ஜினை நிறுத்தும் பொத்தான். ஓட்டும்போதே கை பட்டு என்ஜின் நின்றுவிடலாம் என்று சுமார் 13,500 வண்டிகளை அழைத்து, அந்தப் பொத்தானை மேலே மாற்றிவைத்தார்கள். இதற்கு நேர்மாறாக எனக்குப் பிடித்த ஏற்பாடு 2018 ஜி.எம்.சி. டெரெய்னில் வந்தது. முன்னால் போகவும் பின்னால் போகவும் விரலால் இழுக்க வேண்டும், நிற்பதற்கும் நியூட்ரலுக்கும் அழுத்த வேண்டும். நகர்வதற்கு ஒரு அசைவு, நிற்பதற்கு இன்னொரு அசைவு. 2020 கார்வெட்டிலும் அதே யோசனைதான். கண் பார்க்காவிட்டாலும் விரலுக்கு வித்தியாசம் தெரியும்.

தபால் பெட்டிக்குப் பிறகு நான் வைத்துக்கொண்ட பழக்கம்: வண்டி முழுசாக நிற்க வேண்டும். பொத்தான். மீட்டரில் எழுத்து. அதை வாய்விட்டுச் சொல்வேன், “ஆர்” என்று. அதற்கப்புறம்தான் தலை திரும்பும், அதற்கும் அப்புறம்தான் கால் நகரும். முதல் ஒரு மீட்டருக்கு ஆக்ஸிலரேட்டரைத் தொடவே மாட்டேன், பிரேக்கைத் தளர்த்தி வண்டியைத் தானாக உருளவிடுவேன். எந்தத் திசை என்று அப்போதே தெரிந்துவிடும். அண்ணன் சொன்ன இழுப்புக்கு இது மாற்று. இறங்கும்போது பார்க் அழுத்தி, பி எரிவதைப் பார்த்து, ஹேண்ட்பிரேக் போட்டு, பிறகுதான் பெல்ட்டைக் கழற்றுவது. பெல்ட் இல்லாமல் கதவைத் திறந்தால் தானாகவே பார்க்குக்குப் போய்விடும் வசதி என் வண்டியில் உண்டு. அதை நம்பி இறங்கியதில்லை, அடுத்த வண்டியில் அது இல்லாமல் போகலாம்.

வாடகைக் கார் எடுத்தால் நிறுத்துமிடத்திலேயே ஐந்து நிமிடம் உட்காருங்கள். பார்க் எங்கே, ஆர் இழுப்பதா, அழுத்துவதா, திருகுவதா, ஹேண்ட்பிரேக் கையிலா, காலிலா, பொத்தானிலா? பின்னால் யாராவது அவசரப்படுத்தினாலும் பரவாயில்லை. அதேபோல் உங்கள் பொத்தான் வண்டியை யாரிடம் கொடுத்தாலும், ஒரு தடவை முன்னால், ஒரு தடவை பின்னால் எடுத்துக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

கார் கழுவும் கூடத்தில் வண்டி நியூட்ரலில் உருள வேண்டும். என் வண்டியில் நியூட்ரலுக்கான ‘என்’ பொத்தானை இரண்டு நொடி அழுத்திப் பிடித்தால் அப்படியே 15 நிமிடம் நிற்கும், பிறகு பார்க்குக்குப் போய்விடும். இதை வரிசையில் நிற்கும்போது தேடிக்கொண்டிருக்க முடியாது, வீட்டிலேயே பழகிவிட வேண்டும். பேட்டரி செத்தால் இன்னும் சிக்கல். பார்க்கிலிருந்து எடுக்கவே முடியாது, தள்ளவும் முடியாது. 2021 பிப்ரவரியில் மளிகைக் கடை வாசலில் அப்படி மாட்டினேன். இழுக்க வந்த பையன் முன் சக்கரத்தில் கொக்கி மாட்டப் போனான். “தம்பி, இது மின்சாரப் பார்க், சக்கரம் சுழலாது, முழு வண்டியையும் மேலே ஏற்ற வேண்டும்” என்று சொல்லி நிறுத்தினேன். சக்கரத்துக்கு அடியில் உருளைப் பலகை வைத்து ஏற்றினான். அன்றிலிருந்து கையடக்க ஜம்ப் ஸ்டார்ட்டர் ஒன்று வண்டியிலேயே இருக்கிறது. அதை டிக்கியில் வைக்காதீர்கள், பேட்டரி இல்லாமல் டிக்கி திறக்காது. முன் சீட்டுக்கு அடியில் வையுங்கள். சாவிக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியால் ஓட்டுநர் கதவைத் திறக்கவும் ஒரு தடவை பழகிக்கொள்ளுங்கள்.

போன வருஷம் பேத்திக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். அதே பெல் ஐல். அவளுக்குப் பொத்தான் ஒரு புதுமையே இல்லை, பிறந்ததிலிருந்து அழுத்திக்கொண்டுதான் இருக்கிறாள். “தாத்தா, கண்ணை மூடிட்டு எந்தக் கியர்னு சொல்றதுன்னா எப்படி?” என்று கேட்டாள். நான் வேலியண்ட் கதையைச் சொல்லியிருந்தேன். மூடச் சொன்னேன். பிரேக்கில் அவள் கால். டி போட்டேன், ஆர் போட்டேன். பத்தில் ஆறுதான் சரி. “தெரியலையே தாத்தா” என்றாள். அதை அவளே கண்டுபிடித்துச் சொன்னதுதான் எனக்கு வேண்டியிருந்தது. அதற்கப்புறம் எழுத்தைப் பார்க்காமல் அவள் ஒரு தடவையும் காலை எடுக்கவில்லை.

இந்த ஜனவரியில் சென்னை போயிருந்தோம். என் அக்கா மருமகன் ஹூண்டாய் கோனா எலெக்ட்ரிக் வைத்திருக்கிறார், 2019 ஜூலையில் இந்தியாவுக்கு வந்ததும் வாங்கியது. இருங்காட்டுக்கோட்டையில் பாகங்களைப் பூட்டி உருவாக்கிய வண்டி. “மாமா, நீங்கதான் பொத்தான் வண்டிக்காரராச்சே, எடுங்க” என்று சாவியைக் கொடுத்தார். அதிகாலை, கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போகும் வழி, தெருவில் கோலம் போடுகிறவர்கள் தவிர யாரும் இல்லை. வலது பக்க ஸ்டியரிங். பி, ஆர், என், டி என்று நான்கு பொத்தான்களும் எனக்கு இடது பக்கம். 1979-க்குப் பிறகு இடது கையால் டி அழுத்துவது அன்றைக்குத்தான். கால் பிரேக்கில். கட்டைவிரல் தானாகவே அந்தப் பழைய பலத்தோடு அழுத்தியது, அவ்வளவு தேவையே இல்லை. என்ஜின் சத்தம் கிடையாது. இழுப்புக்காகக் காத்திருந்தேன். வரவில்லை.

“மாமா, போலாம்” என்றார் மாப்பிள்ளை.

மீட்டரைப் பார்த்தேன். டி எரிந்துகொண்டிருந்தது. காலை எடுத்தேன்.